எதுக்கும் ஒரு தடவை

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. போன மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. மாப்பிள்ளைதான் போனில், "நல்லாருக்கா அண்ணி, ஆறாவது மாசம்" என்றார். அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். நேரத்துக்குச் சாப்பிடு. கால் வீங்கினால் அலட்சியம் பண்ணாதே. நர்சுக்கே பாடம் எடுக்கிறாள் பார் என்று திட்டிக்கொள்.

வார்டில் உன் இடத்துக்கு வந்திருப்பவள் சரியான வாயாடி, ஆனால் வேலை சுத்தம். ஷிஃப்ட் மாறும்போது வலி ஊசிகளை இரண்டு பேரும் எண்ணித்தான் கையெழுத்துப் போடுகிறோம். உன்னோடு எட்டு வருஷம் எண்ணாமலேயே போட்டேன். தங்கச்சி கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும். மேற்பார்வையாளர் திடுதிப்பென்று வந்து நின்ற அன்றைக்குத்தான் எண்ணினோம். இரண்டு குறைந்தது.

"அவ பைய எதுக்கும் ஒரு தடவ பாத்துடலாம்" என்று உன்னைக் காட்டி அவரிடம் நான்தான் சொன்னேன். அறிக்கையில் அதை 'அவநம்பிக்கை தெரிவித்தார்' என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவு பெரிய வார்த்தையை நான் எங்கே சொன்னேன் என்று சண்டைக்குப் போனேன். அந்த வார்த்தையை யார்தான் வாயால் சொல்கிறார்கள்? "எதுக்கும்" என்பார்கள், "சும்மா" என்பார்கள், "தப்பா நெனச்சுக்காத" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பையில் ஊசி இல்லை. உன் பரிசோதனைச் சீட்டு இருந்தது. ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த சேதி, முதலில் எனக்குச் சொல்லத்தான் மடித்து வைத்திருந்தாய். அத்தனை பேர் முன்னால் நானே பிரித்துப் படித்தேன், பாவி.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இரண்டு ஊசியும் முந்தின நாள் ஏழாம் கட்டில் பெரியவருக்குப் போட்டது. அவருடைய சிகிச்சைத் தாளில் இருக்கிறது, ஊசிக் கணக்குப் பதிவேட்டில் ஏறவில்லை. போட்டதும் நான், ஏற்ற மறந்ததும் நான். அடுத்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று கடிதத்திலும் எழுதத் தைரியம் வரவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டவளுக்கு என்னைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லையடி.

நேற்று எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டேன். "விடுங்க சிஸ்டர், மறதி யாருக்குத்தான் இல்ல" என்றார்கள். என் பையை யாரும் கேட்கவில்லை.

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு வரட்டுமா என்று கேட்க எனக்கு வாயில்லை. பெரியம்மா என்று ஒருத்தி இருக்கிறாள் என்று என்றைக்காவது பிள்ளையிடம் சொல். அவள் என்ன செய்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் என்னைப் பார்க்க வேண்டும் என்று அது கேட்டால், கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அக்கா