பாமாயில் உறைந்த காலை

டிசம்பர் 27

இன்றும் கலந்துதான் ஊற்றினேன். பஜ்ஜிக்கடையில் வாங்கிய பழைய பாமாயிலைத் துணியில் வடிகட்டி, மண்ணெண்ணெயோடு சரிபாதி. டீசல் விற்கிற விலைக்கு நாங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவு. படகு இருவருக்கும் பொது. என் இடுப்பு விட்டுப்போனதிலிருந்து நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலேயே இருந்து எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறேன். எழிலரசன் கடலுக்குப் போகிறான். "சூப்பரா ஓடுதுடா விக்டரு" என்கிறான்.

ஜனவரி 4

மண்ணெண்ணெய் போதவில்லை. இருந்ததை ஊற்றிவிட்டு மீதிக்கு எண்ணெயையே ஊற்றினேன். ஒரு பங்குக்கு மூன்று பங்கு. எழிலரசன் வந்து, "எல்லாம் ஓகேவா?" என்றான். ஓகே என்றேன். சொன்னால் போகமாட்டான். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாளை விடுவதா?

ஜனவரி 5

அவன் கை உடைந்துவிட்டது.

முகத்துவாரம் தாண்டியதும் எஞ்சின் நின்றிருக்கிறது. அலையில் படகு புரண்டுவிடுமோ என்று ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். அது திருப்பி அடித்து மணிக்கட்டு போய்விட்டது. கூடப் போன இருவருக்கும் ஒன்றுமில்லை. வேறொரு படகுதான் கயிறு கட்டி இழுத்து வந்தது.

பில்டரைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாக, மெழுகு மாதிரி. பனிக்குளிரில் பாமாயில் உறைந்து அடைத்திருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் கழுவிவிட்டேன்.

ஏன் கழுவினேன்?

ஜனவரி 7

ஆஸ்பத்திரி. கையில் கம்பி வைத்திருக்கிறார்கள். "நான்தான்டா ஹேண்டில தப்பா புடிச்சிட்டேன். கட்டைவிரல சுத்திப் புடிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்க" என்றான். சொல்லிவிட வாயைத் திறந்தேன். நர்ஸ் வந்தாள்.

நர்ஸ் போன பிறகும் சொல்லவில்லை.

ஜனவரி 9

எஞ்சினைத் தொடவில்லை.

ஜனவரி 11

சர்ச் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. பாவத்தோடு வாங்கக்கூடாது. வீட்டுக்கு வந்தால் எழிலரசன் பெண்டாட்டி சரிதா சாப்பாட்டுக் கேரியரோடு நிற்கிறாள். "இடுப்பு வலியோட இவருக்காக அலையறீங்க. கூடப் பொறந்தவங்க கூட இப்டி செய்யமாட்டாங்கண்ணா."

ஐயோ, இந்தப் பொண்ணு ஏன் எனக்கு சோறு கொண்டாந்துது?

ஜனவரி 12

எழிலரசன் வீட்டுக்குப் போய் சொல்லிவிட்டேன். பில்டரைக் கழுவியதையும் சேர்த்து.

"மொத நாளே கேட்டனே, அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்றிருந்தேன். திட்டியிருக்கலாம்.

"சொல்லியிருந்தா வெயில் ஏறினப்புறம் கெளம்பியிருப்பேன்டா. அவ்ளோதான."

அவ்வளவுதான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்குக் கொண்டுவந்த டீயை சரிதா அப்படியே உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

ஜனவரி 20

அவனுக்குப் பதில் நான் போகிறேன். இடுப்பில் பெல்ட், டேங்கில் டீசல். அவன் பங்கு மீனை வீட்டில் கொடுக்கப் போனேன். சரிதா வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

பிப்ரவரி 8

வலி தாங்கவில்லை. இருந்தும் போனேன்.

மார்ச் 15

இருட்டு விலகுவதற்கு முன் எழிலரசன் வந்து நின்றான். கட்டு இல்லை. மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை.

"நானும் வரேன்" என்றான். படகில் ஏறி, "டேங்க்ல என்ன?"

"டீசல். வேற ஒண்ணும் இல்ல."

தலையாட்டினான். பிறகு மூடியைத் திருகி எடுத்து, விரலை விட்டு, எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று டார்ச்சைக் கிட்டே பிடித்தேன்.