உங்கள் காலுக்காகக் கத்தியது

இன்று மத்தியானம், உங்கள் புண்ணுக்குப் போட்ட பீட்டாடின் பாட்டிலைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு இதுதான் முதல் தடவை. மூடி இறுகிப்போயிருந்தது. திறந்ததும் வாடை கூடம் முழுக்கப் பரவியது. கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பீர்கள். கேளுங்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

திருமானூர் ரூட்டில் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், ஒருநாள் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்து நின்றீர்கள். "பிரேக்குல காலு இருக்கா இல்லியான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஏறுற வண்டி. வேணாம்" என்றீர்கள். சர்க்கரை உங்கள் பாதங்களை மரத்துப்போக வைத்திருந்தது. சொன்ன கையோடு சட்டைக்குள்ளிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்துத் தரையில் விட்டீர்கள். பேரும் வைத்தாகிவிட்டது, ஸ்டெப்னி. உங்களை வைவதா குட்டியை வைவதா என்று எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் போனவர் கையையெல்லாம் அது கடித்தது, பிறாண்டியது. நீங்கள் ஒரு அடி அடிக்கவில்லை. பல் பட்டால் "ஆ" என்று கத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவீர்கள். "நமக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சா அது ஏன் கடிக்கப்போவுது?" என்பீர்கள். விளையாட்டு நின்றுபோவது அதற்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளில் கையை நக்குவதோடு நிறுத்திக்கொண்டது. உங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. காலைப் பற்றி நாம் இருவருமே நினைக்கவில்லை.

அன்று காபி எடுத்துக்கொண்டு வந்தேன். டிவியைப் பார்த்து நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். தரையெல்லாம் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கால்தடம். குட்டிக்குத்தான் அடிபட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கினேன். ரத்தம் அதன் வாயில் இருந்தது. உங்கள் சுண்டுவிரல் சதை கிழிந்து தொங்கியது.

"ஏங்க... காலப் பாருங்க."

"ஏன், என்னா ஆச்சு?"

காயத்தைவிட அந்தக் கேள்விதான் என்னைக் கதிகலங்க வைத்தது.

சோப்புப் போட்டுக் கழுவி, அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்ட டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் புண்ணே ஆறுறது கஷ்டம். இன்னொண்ணு வந்தா காலு தங்காதும்மா" என்றார். வீட்டுக்கு வந்தால் என் தம்பி சாக்கோடு நிற்கிறான். "கொள்ளிடம் பாலத்துக்கு அக்கரையில விட்டுட்டு வந்துடறேங்க்கா. திரும்பி வர வழி தெரியாது."

நீங்கள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டீர்கள். "கை வலிக்கும்னு சொல்லிக் குடுத்தேன், கத்துக்கிச்சு. காலு வலிக்கும்னு அதுக்கு யாரு சொன்னா? எனக்கே தெரியலியே மாப்ள."

"அடுத்த வாரம் வருவேன் மாமா. இன்னொரு பல்லு பட்டுச்சு, சாக்குதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாரம் முழுக்க, கட்டுப் போட்ட காலுக்கு மேல் கனத்த சாக்ஸ். குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நான். வாய் காலுக்கு அருகில் போனாலே "ஆ" என்று கத்தினேன். அந்த முட்டாள் ஓடி வந்து என் காலை நக்கியது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் தோன்றியது, உங்கள் காலை என் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கடிக்க ஒரு தேங்காய் மட்டையைப் போட்டேன். "இந்தா புள்ள, என் வலியையும் நீயே எடுத்துக்கிட்டியா?" என்றீர்கள்.

தம்பி வந்தான். கயிற்றை அவிழ்க்கச் சொன்னான். குட்டி நேரே உங்கள் காலுக்குப் போனது, வாயைத் திறந்தது. எனக்குக் கத்தக்கூட வரவில்லை. அது தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. பார்த்துவிட்டு, போய் மட்டையைக் கவ்விக்கொண்டு வந்தது. தம்பி சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காபி கேட்டான்.

புண் ஆறியது. வெகுநாள் கழித்து, தூக்கத்தில், நெஞ்சு நின்று நீங்கள் போனபோது இரண்டு காலோடும்தான் போனீர்கள். அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

இன்று விரல் வெட்டுப்பட்டதும் என்னை அறியாமல் "ஆ" என்று கத்திவிட்டேன். வாசலில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டெப்னி அலறியடித்து ஓடி வந்தது. என்னிடம் வரவில்லை. உங்கள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய் மோந்து பார்த்து, பின்வாங்கி நின்று, என் முகத்தைப் பார்த்தது.

"இல்லடா, நீ ஒண்ணும் பண்ணல. இது என் கை."

அது நம்பவில்லை. நான் மருந்து போட்டு முடிக்கும்வரை, உங்கள் கால் தொங்கும் இடத்தை விட்டு விலகியே படுத்திருந்தது. நான் கத்தினால் வலி உங்களுக்குத்தான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் நான் திருத்தப்போவதில்லை.