அப்பாவின் இடுப்புக்குக் கேட்ட கடிதம்

கிரிம்ஸ்பி
பிப்ரவரி 9, ஞாயிறு மதியம்

அன்பு மகள் ஹெதருக்கு அம்மா எழுதுவது. நீயும் கிரேக்கும் குட்டிப்பயல் டோபியும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நான்கு ஞாயிறாக நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று அப்பாவே பேசி வைத்துவிடுகிறார், ஒரு மனுஷி எத்தனை தடவைதான்ப்பா குளிப்பா என்று நீ கேட்டாயாம். காரணத்தைச் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது உனக்குத் தெரியும், இப்போது நான்தான் அவருக்கு சாக்ஸ் மாட்டிவிடுகிறேன் என்பது தெரியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிறார், கேட்டால் கப்பலில் எல்லாரும் இப்படித்தான் இறங்குவார்களாம், இந்த மனுஷன் கப்பலில் கால் வைத்ததே கிடையாது, முப்பத்தொரு வருஷமாக மீன் குளிர்கிடங்கில் வண்டி ஓட்டுகிறவர். பக்கத்து வீட்டு நோரீன் இதே இடுப்புக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பதினாறு மாதமாகக் காத்திருக்கிறாள். எங்களுக்கோ அப்பாவின் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்து, தனியார் ஆஸ்பத்திரியில் உடனே பார்க்கலாம், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. ஏப்ரல் கடைசியில் அவர் ஓய்வுபெற்றால் அதுவும் போய்விடும். ஆனால் உன் அப்பாவிடம் சொல்லிப் பார், வரிசையில நிக்கிறவங்கள இடிச்சுத் தள்ளிட்டு முன்னால போறதும் திருடுறதும் ஒண்ணுதான் லொரைன், என்னால ஆகாது என்கிறார். டிசம்பர் முழுக்க மன்றாடித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, டாக்டர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் இன்சூரன்ஸ்காரர்கள் அசைய மாட்டார்களாம். கடிதத்துக்கு நம் டாக்டரைப் பார்க்க வேண்டும், டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணி அடித்த அந்த நிமிஷம் போன் போட வேண்டும், எட்டு அடித்து ஒரு நிமிஷம் ஆனால் நீங்கள் இருபத்தாறாவது ஆள் என்று இயந்திரம் சொல்லும். ஒன்பது நாள் போட்டேன் கண்ணு. ஒவ்வொரு நாளும் போனை எடுப்பது பாலீன், பள்ளிக்கூடத்தில் என் பென்சிலைக் கடித்துக் கடித்துக் கொடுப்பாளே அதே பாலீன், இன்னிக்கு எல்லாம் தீந்துபோச்சு லொரைன், நாளைக்குப் பாரேன் என்பாள். கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்தில் பாடியபோது கட்டிய தொண்டை எனக்கு, இந்தப் போனில் கத்திக் கத்தித்தான் சரியாகாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பத்தாம் நாள் இடம் கிடைத்தது, அப்பா போனார், நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு தாளோடு வந்தார். வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டாராம், இவர் சிரித்துக்கொண்டே பரவாயில்லங்க டாக்டர், குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, என்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர் என்றாராம். குறை இல்லாதவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள், உடற்பயிற்சிப் படம் போட்ட தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதுவிட்டேன், அப்படி ஒரு அலுப்பு.

இன்சூரன்ஸ்காரர்களே போனில் ஒரு டாக்டரை வைத்திருக்கிறார்கள், அவர் எழுதினாலும் செல்லும் என்று நோரீனின் மகள்தான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் பதிவு செய்தேன், ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் லோமாஸ் என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். அப்பா மறுபடியும் பரவாயில்லங்க என்று ஆரம்பித்து, அங்க மழையா என்று அவளையே விசாரிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை, போனைப் பிடுங்கினேன். சாக்ஸ், மாடிப்படி, நாற்காலியிலிருந்து எழும்போது அவர் பல்லைக் கடிப்பது, ஒன்றுவிடாமல் கொட்டினேன். அவள் நடுவில் பேசாமல் கேட்டாள், கண்டிப்பா எழுதித் தரேம்மா என்றாள். உயிர் வந்தது எனக்கு. நன்றி சொல்லி வைக்கப் போகும்போது, அம்மா ஒண்ணு கேக்கலாமா, உங்க குரல் எப்பவுமே இப்படித்தானா என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஐயோ இது ஒண்ணுமில்ல டாக்டர், பரவாயில்ல என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் நாற்காலியிலிருந்து உன் அப்பா, வாழ்நாளில் சூப்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத மனுஷன், போனில் கேட்கும்படி கத்தினார். பொய் சொல்றா டாக்டர், ஆறு வாரமா இப்படித்தான், ரொட்டியோட ஓரத்தை வெட்டிப் போட்டுட்டு டீயில நனைச்சுத்தான் முழுங்குறா, முழுங்கும்போது கண்ண மூடிக்கிறா, நான் பாத்துட்டுத்தான் இருக்கேன் என்றார். அவர் பார்த்திருக்கிறார் ஹெதர். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு பேப்பரையா பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கே இரண்டு கடிதம் வந்தது, ஒன்று இடுப்புக்கு, ஒன்று தொண்டைக்கு. இடுப்பு டாக்டரைப் பார்க்க மார்ச் மூன்று. எனக்கு இந்த வியாழன். அவ்வளவு சீக்கிரம் என்பதுதான் பயமாக இருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்களாம், புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்யத்தான் என்று டாக்டர் சொன்னாள், சொன்ன விதம் நன்றாகத்தான் இருந்தது. நீ பிறக்கும்வரை நான் சிகரெட் பிடித்தேன், அதையும் சொல்லிவிட்டேன். நோரீன் பதினாறு மாதமாக நிற்கிறாளே, நான் முன்னால் போகலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். யாரை வேணும்னாலும் இடிச்சுத் தள்ளிட்டுப் போடி என்றார்.

உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம், என் குரலைக் கேட்டால் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாய், புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால்தான் தபால். இது உலகத்தின் மறுகோடியில் உன் வெலிங்டன் வந்து சேருவதற்குள் அந்த வியாழன் முடிந்துபோயிருக்கும், என்ன என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும். கோபப்படாதே கண்ணு, எனக்கு அவ்வளவுதான் தெம்பு. உன் தோளில் இருக்கும் மச்சத்தை டாக்டரிடம் காட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. டோபிக்கு என் முத்தம். மூன்று பேரும் நூறு வயது இருங்கள்.

கடிதம் கிடைத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நான்தான் எடுப்பேன், எந்தக் குரல் இருக்கிறதோ அந்தக் குரலில் பேசுகிறேன்.

உன் அம்மா
லொரைன்