எரியாத புண்

புதூர்நாடு
வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. அருணகிரியின் ஜீப் ஏழரைக்குக் கிளம்பிவிடும். முதலில் விஷயம். புதன்கிழமை அவர் இந்த மலையிலிருந்து உங்கள் கிடங்குக்குக் கொண்டுவந்து இறக்கிய தோல் கட்டில் ஒரு கறுப்பு வெள்ளாட்டுத் தோல் இருக்கிறது. வயிற்றுப் பக்கம் வெள்ளைத் திட்டு. அந்த ஆடு அடைப்பான் நோயில் செத்தது. கட்டைப் பிரிக்காதீர்கள். உங்களோடு தோல் பிரிக்கும் அருளையும் உள்ளே விடாதீர்கள். ஏற்கெனவே பிரித்திருந்தால் இரண்டு பேரும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, கிடங்கைப் பூட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நேற்று மாலை பள்ளிக்கூடத்துக்கு மேலே சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நின்று பதினொரு முறை கூப்பிட்டேன். எட்டு மாதமாக என் போனை எடுக்காதவர் நேற்று மட்டும் எடுப்பீர்களா? பெங்களூரிலிருக்கும் தங்கை தாஹிராவைக் கூப்பிட்டு உங்களிடம் சொல்லச் சொன்னேன். நீங்கள் அவளுக்குச் சொன்ன பதில் எனக்கும் வந்து சேர்ந்தது. நாப்பது வருஷமா உப்புல ஊறுன கை, படிச்ச தொரைக்கு இன்னா தெரியும் என்றீர்களாம். சரி. ஆனால் தோலோடு வருகிற துண்டுச் சீட்டை நீங்கள் படிக்காமல் விட்டு நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதைச் சீட்டு மாதிரி நாலாக மடித்து அருணகிரியிடம் கொடுக்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பசங்களுக்குக் காட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று நான் கிளம்பிய அன்று கேட்டீர்களே, அந்த வேலையில்தான் தெரிந்தது. மைக்ராஸ்கோப்பை வண்டியில் வைத்துக்கொண்டு மலைப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றாகப் போகிறேன். இங்கே எட்டாம் வகுப்பு. திங்கட்கிழமை வெங்காயத்தோலில் செல்லைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை அவரவர் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டிக் காட்டினேன். அன்று சாயங்காலம் ஆளுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு கொடுத்து, வீட்டிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு சொட்டு எடுத்து வாருங்கள் என்றேன். எதுவானாலும் சரி என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

நேற்று ஒருத்தி புளித்த கூழ்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கோகுல்ராஜ் என்ற பையன் தன் பல் அழுக்கைக் கொண்டுவந்தான். அதில் நெளிகிறதைப் பார்த்ததும் மொத்த வகுப்பும் அவனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது. கடைசியாக தேவயானி. அவள் சில்லில் மெல்லிசாக இழுத்துக் காயவைத்த ரத்தம். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு கோணல் இல்லாமல் செய்திருந்தாள். யார் ரத்தம் என்று கேட்டேன். புதன்கிழமை விடியற்காலையில் செத்துப்போன அவர்கள் ஆட்டினுடையது. மூக்கில் ரத்தம் வந்து நின்ற நிலையில் விழுந்ததாம். அறுத்தபோது ரத்தம் உறையவே இல்லையாம்.

நீலச் சாயம் ஊற்றி வைத்தேன். முதலில் அவளைத்தான் பார்க்கவிட்டேன். கண்ணை எடுக்காமலே சொன்னாள், “இன்னா சார் இது, மூங்கிலு மாதிரி கணுவு கணுவா கீது.” படிக்கும்போது என் புத்தகத்தில் அடைப்பான் கிருமிக்கு, அதாவது ஆந்த்ராக்ஸுக்கு, கிட்டத்தட்ட அதே உவமைதான் இருந்தது. வகுப்பை வெளியே அனுப்பினேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது, கால்நடைத் துறையினர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்கிற நோய் இல்லை இது.

கறியை அன்றைக்கே எட்டு வீட்டுக்குக் கூறு போட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். தேவயானியின் அம்மா ராணியம்மாள் என்னைப் பார்த்து, “எங்கூட்டு ஆட்டு ரத்தத்துல பேயி பாக்கறியா நீ?” என்று வாசலிலேயே கத்தினார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. வளர்த்த ஆட்டைக் குழியில் போட யாருக்கு மனசு வரும்? சுகாதார நிலையத்திலிருந்து ஆட்கள் வந்து எட்டு வீட்டுக்கும் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஆடு கிடந்த இடத்தை எரித்துச் சுண்ணாம்பு போட்டாயிற்று.

மிச்சம் தோல்தான். உப்புப் போட்டால் எல்லாம் சாகும் என்பீர்கள். சாதாரணக் கிருமிக்கு அது சரி. இது காற்று பட்டதும் தன்னைச் சுற்றி ஓடு போட்டுக்கொள்ளும். புளியங்கொட்டையை உப்பில் போட்டால் கொட்டைக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அப்படித்தான் தோலில் வருஷக்கணக்கில் கிடக்கும். உங்கள் கையில் ஒரு கீறல் போதும். உங்கள் கையில் கீறல் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. கால்நடைத் துறை அதிகாரி, தோல் யாரிடம் போனது என்று கேட்டார். சட்டென்று சொல்லிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பிறகு முக்தார் அகமது, வாணியம்பாடி என்று சொன்னேன். என் தகப்பனார் என்றும் சொன்னேன். இன்று மதியம் வருவார்கள். அந்தக் கட்டோடு உரசிய தோல் எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லலாம். கோபம் முழுவதையும் என் மேல் வையுங்கள். அவர்களிடம் எதையும் மறைக்க வேண்டாம். அருணகிரி ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் மகன்,
ஃபஹத்


புதூர்நாடு
செவ்வாய்க்கிழமை பகல்

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். இதை மதிய பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். தாஹிரா பஸ் நிலையத்துக்கு வந்து வாங்கி உங்கள் கையில் தருவாள். அவள் எதிரிலேயே படியுங்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அருணகிரி சொன்னார். என் சீட்டை நின்றபடியே படித்து முடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்களாம். கட்டை நீங்கள் புதன்கிழமை சாயங்காலமே பிரித்துவிட்டிருந்தீர்கள். அதிகாரிகள் கேட்பதற்கு முன்பே எந்தத் தோல் என்று நீங்களே காட்டினீர்களாம். அறுபத்திரண்டு தோல் எரிந்ததாம். பக்கத்துக் கிடங்குக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்களாம். என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினார். விடாமல் கேட்டதும், “கையெழுத்து மட்டும் அவங்கம்மா மாதிரி” என்று சொன்னதாகச் சொன்னார். வேறு எதுவோ இருக்கிறது, அதை அவர் முழுங்கிவிட்டார்.

அன்று சுகாதார ஆட்கள் கொடுத்த மாத்திரையை அருள் சாப்பிடுகிறான். நீங்கள் சாப்பிடவில்லை. உங்கள் மாத்திரை அட்டை அப்படியே அலமாரியில் இருக்கிறது என்று தாஹிரா சொன்னாள். ஏன் என்றும் எனக்குத் தெரியும். மாத்திரை போட்டால் உங்கள் கிடங்குத் தோலில் நோய் இருந்ததை நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது வாய்க்கு அவல். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாஹிரா ஊருக்கு வந்தது உங்களைப் பார்க்க அல்ல, உங்கள் கையைப் பார்க்க. நான்தான் வரச் சொன்னேன். நேற்று அவள் அனுப்பிய போட்டோவைப் பாறை மேல் நின்று பெரிதாக்கிப் பார்த்தேன். வலது மணிக்கட்டுக்கு மேலே ஒரு ரூபாய் அளவு. சுற்றிலும் சின்னச் சின்ன நீர்க் கொப்புளம், நடுவில் பள்ளம், அது கறுக்கத் தொடங்கியிருக்கிறது. கை முழங்கை வரை வீங்கியிருக்கிறது. உப்புப் புண், நாலு நாளில் ஆறிவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

உப்புப் புண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அத்தா. ஒன்பது வயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்க உங்களோடு உட்கார்ந்து தோலுக்கு உப்புத் தூவினேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றில் கை வைத்தால் உயிர் போனது. நீங்கள் என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊதிவிட்டீர்கள். உப்புப் புண் எரியும். அதற்கு அதுதான் அடையாளம். வலிக்கிறதா என்று தாஹிரா கேட்டதற்கு, அதெல்லாம் ஒன்றும் இல்லை, தொட்டால்கூடத் தெரியவில்லை என்றீர்களாம். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது. இவ்வளவு உப்புப் பட்டும் அது ஏன் எரியவில்லை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நாற்பது வருஷ அனுபவத்தை வைத்தே யோசியுங்கள். என் படிப்பு வேண்டாம்.

எரியாததுதான் அடைப்பான். இப்போது போனால் மருந்துக்குக் கேட்கும். ரத்தத்தில் இறங்கிவிட்டால் கேட்காது. இதை எப்படி இதமாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, எழுதவும் வராது.

வகுப்பு மறுபடி தொடங்கிவிட்டது. சொட்டு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று என் விரலைக் குத்தி என் ரத்தத்தையே காட்டினேன். வெள்ளை அணுக்கள் எவ்வளவு குறைவாக இருக்கின்றன, இவ்வளவு பேர் போதுமா சார் என்று கோகுல்ராஜ் கேட்டான். எல்லாச் சண்டைக்கும் போதாது, அதனால்தான் மாத்திரை என்றேன். தேவயானி நன்றாக இருக்கிறாள். ராணியம்மாள் என்னோடு இன்னும் பேசுவதில்லை, ஆனால் மகள் மாத்திரையை முழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாராம். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், “உங்க அத்தா வாயை யாரு சார் தொறந்து பாக்கறாங்க?” கண்ணாடிச் சில்லைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் தாஹிராவோடு கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோல் வியாபாரி என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். எனக்கு நாளைக் காலை ஜீப்தான் கிடைக்கும். நீங்கள் போயிருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். போகவில்லை என்றால் கிடங்கு வாசலில் வந்து நிற்பேன், அங்கிருந்து நகர மாட்டேன்.

ஆறாம் வகுப்பு சேர்ந்த அன்று பள்ளிக்கூட வாசல் வந்ததும் உங்கள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். தோல் வாடை அடித்தது, பசங்கள் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து தெருமுனையோடு நின்றுகொண்டீர்கள்.

நாளைக்கு என்னோடு பேச வேண்டாம். முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். கையை மட்டும் நீட்டுங்கள். வீடு திரும்ப வண்டி ஏறும்வரை பிடித்திருக்கிறேன்.

அல்லாஹ் உங்களை எனக்கு விட்டுவைக்கட்டும்.

உங்கள் மகன்,
ஃபஹத்