நாய் நடந்த நடை

"படுத்துக்கிட்டே நாவல் படிச்சு உலகம் சுத்துறவ, என்னை நடக்கச் சொல்றியா?" என்று நேற்றுக் கேட்டீர்களே அப்பா, அது நியாயம்தான். அதற்காக நடையை எண்ணும் வாட்சை நாய்க்குக் கட்டிவிடுவதா? வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர் இப்படி ஓடுகிறாரே என்று வாட்சின் கணக்கைத் தன் போனில் பார்க்கும் டயட்டீஷியன் பதறிப்போய் எனக்கு போன் செய்தார். "இந்த ஓட்டத்துக்கு அப்பா இன்னும் நிறைய சாப்பிடணும்மா!" என்றார். சாப்பாடு உங்களுக்கு, உடற்பயிற்சி நாய்க்கு என்றால் நாய்தான் இளைக்கும். உங்களுக்குக் குறைந்த எடையெல்லாம் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மெதுவாகக் குடியுங்கள்.

பி.கு.: டயட்டீஷியனிடம் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று: மாடி ஏறினால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. சாயங்காலம் என்னோடு நடக்க வருவீர்களா, அப்பா?