மோனை என்று கேட்டது

நேற்று பயணப் பையைக் கழுவ எடுத்தேன். வெளியே மெல்பேர்னின் நோபல் பார்க் புறநகர் நனைந்து விறைத்துக் கிடந்தது. பக்கப் பையின் ஸிப்பை இழுத்ததும் காய்ந்த ஓரிகானோ வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஒரு சின்னக் கொத்து. கிரேக்கத்து மலைப்பாதையில் உனக்காகப் பிடுங்கியது. உனக்கு இனி எதற்கு ஓரிகானோ என்று கேட்காதே. கை தன்பாட்டில் பிடுங்கிவிட்டது.

போய் வந்துவிட்டேன், நீ போக வேண்டிய ஊருக்கு.

முதியோர் இல்லத்தில் நாம் ஒரே ஷிஃப்டில் வேலை செய்த காலத்தில், மூலை அறையில் இருந்தாரே ஒரு கிரேக்க அம்மா. மெல்பேர்னில் ஆயுள் முழுக்கப் பேசிய ஆங்கிலம் நினைவிலிருந்து உதிர்ந்து, பிறந்த மொழி மட்டும் மிஞ்சியவர். பின்னேரமானால் கதவைப் பார்த்தபடி "மோனி, மோனி" என்பார். நீயோ பருத்தித்துறைக்காரி. கைக்குழந்தை முதல் மானேஜர் வரை எல்லோரும் உனக்கு மோனைதான். மகனே, மகளே, கண்ணே எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுவாய். உனக்கு மூத்தவளான என்னையும் விட்டுவைக்கவில்லை. அந்த அம்மாவின் குரல் கேட்டதும் தேநீர் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஓடுவாய்.

"கேட்டியே, மனுசி என்னை மோனை எண்டு கூப்பிடுது. ஓம் அம்மா, வாறன்."

கட்டிலோரம் இருந்து கையைப் பிடித்துக்கொள்வாய். அவர் கிரேக்கத்தில் கதைப்பார், நீ தமிழில் பதில் சொல்வாய். இரண்டு பேரும் சண்டை பிடித்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். தேநீர் ஆறிப்போனதற்கு ஏச்சு வாங்கியது நான்.

பிறகு ஒருநாள் அவருடைய மகள் சொன்னார், 'மோனி' என்றால் கிரேக்கத்தில் 'தனியாக' என்று பொருளாம். தனியாக இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்றுதான் அம்மா இத்தனை நாளும் புலம்பியிருக்கிறார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"பரவாயில்லை மோனை. பிழையாக் கேட்டபடியால்தானே போய்ப் பக்கத்திலை இருந்தனான். சரியாக் கேட்டிருந்தா, பாவம் எண்டுபோட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பன்."

அன்றிலிருந்து அந்த மகளிடம் சொற்கள் கேட்டுப் படிக்கத் தொடங்கினாய். எனக்கும் வகுப்பெடுத்தாய். "நே எண்டால் ஓம். ஓஹி எண்டால் இல்லை. ஓ எண்டு தொடங்கினா எங்களுக்கு ஓம், அவைக்கு இல்லை. மாறிச் சொல்லிப்போடாதை." அந்த அம்மா தன் மலையூரைப் பற்றிச் சொன்னதை மகள் மொழிபெயர்த்தார். ஊருக்கு மேலே ஒரு பெரிய மரமாம், அதன் அடியில் ஊற்றாம். நீ ஒருநாள் நடந்து போய் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். நீ 'நே' சொன்னாய். அவர் இறந்த பிறகும் அந்த 'நே'யை நீ கைவிடவில்லை.

ஆனால் படகில் வந்த உனக்குக் கிடைத்தது தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போகலாம், திரும்பி வர முடியாது.

"போறன் எண்டால் சந்தோசமா விடுவாங்கள் மோனை. போட்டு வாறன் எண்டால்தான் பிரச்சினை" என்று சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டு வரும். நிரந்தர விசா கிடைத்ததும் இருவரும் சேர்ந்து போவதென்று மலை ஏறும் சப்பாத்துக்கூட வாங்கி என் வீட்டில் வைத்தாய். விசாவுக்கு முன் வருத்தம் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த ஜூலையில் தனியாகவே போனேன். இங்கே குளிர், அங்கே கொளுத்துகிற கோடை. உன் சப்பாத்து எனக்குப் பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கல் பதித்த ஒற்றையடிப் பாதை. சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. எங்கோ ஆட்டு மணிகள். ஒரு திருப்பத்தில் ஆடு மேய்ப்பவரிடம், மேலே கைகாட்டி, இதுதான் ஊற்றுக்குப் போகும் வழியா என்று சைகையில் கேட்டேன். "நே" என்றார். ஆங்கில 'நோ' போலக் கேட்டதால் இல்லை என்கிறாராக்கும் என்று நினைத்துத் திரும்பிக் கொஞ்சத் தூரம் இறங்கிய பிறகுதான் உன் வகுப்பு ஞாபகம் வந்தது. நீ பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

மரம் அப்படியேதான் நிற்கிறது. ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கறுப்பு உடுத்த ஒரு வயதான பெண் வெளியே வந்து, எனக்குப் பின்னால் வெறிச்சோடிக் கிடந்த பாதையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மோனி?"

அர்த்தம் தெரியும். தனியாகவா வந்தாய் என்கிறார். ஆனால் காதில் விழுந்தது உன் குரல். நீ போன பிறகு யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாய் என்னைக் கேட்காமலே "ஓம்" என்றது.

அவர் அந்த 'ஓ'வைத்தான் பிடித்துக்கொண்டார், 'ஓஹி', தனியாக இல்லை என்கிறேனாக்கும் என்று. உள்ளே போய் இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். இரண்டு கிளாஸ்களில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்தார். பின்னால் வருகிறவர் எங்கே என்று பாதையை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

திருத்தியிருக்கலாம். 'நே' என்ற ஒரு சொல் போதும். நான் திருத்தவில்லை. என் தண்ணீரைக் குடித்தேன். பல் கூசும் குளிர். கொஞ்ச நேரம் பொறுத்து, உன்னுடையதையும் குடித்தேன். எழும்பும்போது அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே, நம் இருவருக்குமாகச் சேர்த்து, "போட்டு வாறம்" என்று சொன்னேன்.

இன்றைக்கு எனக்குப் பின்னேர ஷிஃப்ட். மூலை அறையில் இப்போது ஒரு வியட்நாமிய அம்மா இருக்கிறார். வெளிச்சம் மங்கினால் அவரும் கதவைப் பார்த்து ஏதோ சொல்லிக் கூப்பிடுகிறார். என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் வரும்போது விசாரிக்க வேண்டும். அதுவரைக்கும் எனக்கு அது மோனை என்றுதான் கேட்கிறது.