நீ போட்ட எண்கள்

கொப்பியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணந்தது. இத்தனை வருடம் கழித்துமா என்று நீ கேட்பாய். மணக்கிறது. உன் செத்தவீடு முடிந்து ஒரு கிழமையால், உன் தம்பி நெளுக்குளத்திலிருந்து சைக்கிளில் கொண்டுவந்து தந்தான். "அக்கா பெட்டியில இருந்துச்சு. ஒங்க எழுத்துதானே, டீச்சர்?" என்றான். ஓம், என் எழுத்துத்தான்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு விசுவமடுவுக்கு வந்த குடும்பம் உங்களுடையது. உங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு அடுத்தது எங்கள் காணி. உயர்தரத்துக்கு இருவரும் பௌதிகவியல் படித்தோம். எங்கள் பாடப்புத்தகம் இலத்திரன், புரோத்தன், நியூத்திரன் என்று மூன்று துணிக்கைகளோடு கடையைச் சாத்திவிடும். புரோத்தனுக்குள்ளும் ஏதோ இருக்கிறதென்று ஒருநாள் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்தாய். "அப்ப நம்ம புத்தகத்துல ஏன் போடல?" அன்றிலிருந்து உனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கிளிநொச்சியில் தேடினோம், வவுனியாவில் தேடினோம். தமிழில் ஒன்றும் இல்லை. கடைசியில் கொழும்பில் படித்த என் மச்சான் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பத்து நாள் இரவல் தந்தார்.

உனக்கு ஆங்கிலம் ஓடாது. நான் இந்தக் கொப்பியில் தமிழில் எழுதித் தர, மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் இறைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து நீ படித்தாய். ஐந்தாம் அத்தியாயம் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அதை விட்டுவிட்டு, ஆறாவதை ஐந்தென்று எழுதினேன். நீ விடுவாயா?

"மேலே சொன்ன விதின்னு எழுதியிருக்க. மேல எங்கடி இருக்கு?"

"புத்தகத்திலயே இல்லை," என்றேன். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம்.

நீ நம்பினாய். புத்தகம் எழுதியவரை இரண்டு நாள் திட்டினாய். பிறகு, துணிக்கைகளுக்குள் எந்த மோதல் நடக்கும், எது நடக்கவே நடக்காது என்று கொப்பியில் இருந்த பட்டியலை வைத்து நீயே கணக்குப் பார்த்தாய். மூன்று கிழமை கழித்துச் சேற்றுக் காலோடு எங்கள் குசினிக்குள் ஓடிவந்தாய்.

"ஒவ்வொரு துணிக்கைக்கும் ஒரு நம்பர் குடுத்துப் பாத்தேன்டி. மோதுறதுக்கு முந்தி வர்ற கூட்டுத்தொகைதான் மோதின பொறகும் வருது. அப்படி வராட்டி, அது நடக்காது!"

நான் விட்ட அத்தியாயமே அதுதான். அதில் இருந்த அட்டவணை என் கண்ணுக்குள் நின்றது. நீ போட்ட எண்கள் அச்சொட்டாக அவைதான். எனக்குப் பொறாமை, வேறொன்றுமில்லை.

"சும்மா விசர்க்கதை கதையாதை. நாங்களா நினைச்ச நம்பரைப் போடேலுமே?"

"ஆமால்ல," என்றுவிட்டுப் போனாய்.

நான் பல்கலைக்கழகம் போனேன். அங்கே அந்த அத்தியாயத்தை ஒரே நாளில் விளக்கினார்கள். அன்றைக்காவது உனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை. நீ மிளகாய்த் தோட்டம் செய்தாய், கலியாணம் முடித்தாய். நல்லது கெட்டதுகளில் சந்தித்தபோது பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். துணிக்கைகளைப் பற்றி நீ பிறகு வாயே திறக்கவில்லை.

கொப்பியின் கடைசித் தாளில் உன் அட்டவணை இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு கோடு. கீழே உன் கையால், 'பிழை'.

சிவப்புப் பேனையை எடுத்துப் பக்கத்தில் ஒரு சரி போட்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சரி போட்டிருக்கிறேன், உனக்குப் போடுவது இதுதான் முதல்தடவை. நீ போட்டது சரியடி. எனக்கு அது அன்றைக்கே தெரியும்.